ஊர் விட்டு வந்தவர்களின் முற்றம்... கம்பம் தம்பிரான் மாட்டுத்தொழு!

தை மாதம் இரண்டாம் நாள். மாட்டுப் பொங்கல். தமிழ்நாடு முழுக்க அவரவர் வீட்டு மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசிக்கொண்டிருக்கும் நேரத்தில், தேனி மாவட்டம் கம்பம் நகரில் ஒரு கூட்டம் வேறு பக்கம் நடக்கிறது. கையில் கரும்பு, அகத்திக்கீரைக் கட்டு, வாழைப்பழச் சீப்பு. சிலர் கையில் பால் சொம்பு. வீட்டில் மாடு இருக்கிறவர்களும் வருகிறார்கள்; மாடே இல்லாத, மாடி வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவர்களும் வருகிறார்கள்.

எல்லோரும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். நந்தகோபாலன் கோயில் என்றும், தம்பிரான் மாட்டுத்தொழு என்றும் ஊரார் சொல்லும் இடம். உள்ளே போனால் வழக்கமான கோயிலில் கண் தேடுகிற சங்கதிகளுக்கு முன்னால் மாடுகள்தான் தெரிகின்றன. பசுக்கள், காளைகள், தாயின் மடியை முட்டும் கன்றுகள். இங்கே சாமி இந்த மந்தைதான்.

வெளியூர்க்காரர் ஒருவர் முதல்முறை பார்த்தால் இதைக் கோசாலை என்று நினைக்கலாம். ஆனால் சில நூற்றாண்டுகளுக்கு முன்பு கன்னட நாட்டிலிருந்து புறப்பட்டு வந்த ஒரு மக்கள் கூட்டம், 'நாம் யார்' என்பதை மறக்காமல் இருப்பதற்காகக் காப்பாற்றி வைத்திருக்கும் முற்றம் இது. பெரிய நகரங்களில் புலம்பெயர்ந்து வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏதோ ஒரு பூங்காவில் கூடி, சொந்த மொழியில் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள் அல்லவா? கம்பத்தில் அந்த வேலையைச் செய்வது ஒரு மாட்டுத்தொழு!

வந்தவர்கள் சேர்ந்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு

தேனியிலிருந்து குமுளி போகும் சாலையில் பஸ் ஏறினால் சின்னமனூர், உத்தமபாளையம் தாண்டி சுமார் 40 கிலோமீட்டரில் கம்பம். ஒரு பக்கம் இடுக்கி மலைகள், இன்னொரு பக்கம் மேகமலை. நடுவில் நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சைப் பந்தலும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்கு நினைவிருக்கும்.

1895-ல் முல்லைப்பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே போய்க்கொண்டிருந்த தண்ணீர் சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பியது. கூடலூர் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இரண்டு போகம் நெல் விளைவது அந்தத் தண்ணீரால்தான்.

ஆனால் அணைக்கு வெகுகாலம் முன்பே இந்தப் பள்ளத்தாக்குக்கு ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். விஜயநகரப் பேரரசும், பிறகு மதுரை நாயக்கர்களும் ஆண்ட காலத்தில் வடக்கிலிருந்து தெலுங்கும் கன்னடமும் பேசும் குடிகள் தெற்கு நோக்கி நகர்ந்தன. சிலர் படையோடு வந்தார்கள். சிலர் உழ நிலம் தேடி வந்தார்கள். சிலர் மாடு மேய்க்கப் புல் தேடி வந்தார்கள்.

அதனால்தான் இன்றைக்கும் கம்பம் கடைவீதியில் அரை மணி நேரம் நின்றால் தமிழோடு கன்னடம், தெலுங்கு, மலையாளம் எல்லாம் காதில் விழும். கடைக்காரரிடம் தமிழில் விலை கேட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் அக்காவிடம் கன்னடத்தில் 'வாங்கலாமா' என்று கலந்துபேசும் பெண்கள் இங்கே சர்வ சாதாரணம்.

அந்தக் கன்னடம் பேசும் மக்கள்தான் ஒக்கலிகர்கள். கன்னடத்தில் 'ஒக்கலு' என்றால் குடித்தனம், உழவு. பழைய ஆவணங்களில் 'காப்பிலியர்' என்ற பெயரும் இருக்கிறது. வீட்டில் பேச்சு கன்னடம். படிப்பது, எழுதுவது, ஓட்டு கேட்பது, சினிமா பார்ப்பது எல்லாம் தமிழ். அவர்களுடைய கன்னடத்தை எழுதப் பள்ளிக்கூடம் கிடையாது. அது வாயிலிருந்து காதுக்குப் போய்த்தான் இத்தனை நூற்றாண்டு உயிரோடு இருக்கிறது.

வளைந்து கொடுத்த புங்கமரம்

இவர்கள் ஏன் ஊரை விட்டு வந்தார்கள்? இதற்கு வாய்வழியாக ஒரு கதை உண்டு. ஆள்பவர்களின் தொல்லை தாங்காமல், பெண்டு பிள்ளைகளோடும் மாடு கன்றுகளோடும் இரவோடு இரவாகக் கிளம்பினார்களாம். வழியில் ஓர் ஆறு. கரைபுரண்டு ஓடுகிறது. பின்னால் துரத்தி வருகிறார்கள். முன்னால் கால் வைக்க முடியாத வெள்ளம். அப்போது கரையில் நின்ற புங்கமரம் அப்படியே வளைந்து பாலமாகக் கிடந்ததாம். எல்லோரும் அதன் மேல் ஏறிக் கடந்தார்களாம். அதனால் புங்கமரம் இவர்களுக்குக் கும்பிடும் மரம். இதே புங்கமரக் கதை, தெலுங்கு பேசும் தொட்டிய நாயக்கர்களிடமும் இருக்கிறது. இரண்டு சமூகமும் சேர்ந்தே தெற்கே வந்ததாக இரு தரப்பிலும் சொல்லப்படுவதுண்டு.

ஆங்கிலேயர் காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909-ல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அதில் கம்பத்து மந்தையும் இடம்பெற்றிருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட மாடுகள் கொண்ட மந்தை. கன்னடத்தில் 'தேவரு ஆவு', தமிழில் 'தம்பிரான் மாடு'. முன்னோர் கன்னட நாட்டிலிருந்து வரும்போது கூடவே ஓட்டி வந்த மாடுகளின் வழிவந்தவை என்று நம்பப்படுகின்றன என்கிறது அந்தக் குறிப்பு.

இங்கே ஒரு சுவாரஸ்யம். கன்னடத்தில் பசுவுக்கு 'ஆவு'. தமிழில் 'ஆ'. ஆநிரை, ஆவின் என்றெல்லாம் நாம் சொல்கிறோமே, அதே 'ஆ'தான். வழியில் எத்தனையோ சொற்கள் மாறியிருக்கலாம். பசுவின் பெயர் இரண்டு கரையிலும் ஒன்றாகவே இருந்திருக்கிறது!

புறப்படும்போது கையில் எடுக்க முடிந்ததை எல்லோரும் எடுத்துக்கொண்டுதான் ஊரை விட்டுக் கிளம்புவார்கள். நகை தீர்ந்துவிடும். பாத்திரம் தேய்ந்துவிடும். துணி கிழிந்துவிடும். மாடு மட்டும் கன்று போடும்; அந்தக் கன்று வளர்ந்து இன்னொரு கன்று போடும். தலைமுறை தாண்டி உயிரோடு நிற்கக்கூடிய சொத்தைத்தான் அந்த முன்னோர்கள் ஓட்டி வந்திருக்கிறார்கள்.

கறக்கக்கூடாது... விற்கக்கூடாது!

தம்பிரான் மாடுகளுக்கென்று சில கட்டுப்பாடுகள் உண்டு. பால் கறப்பதில்லை; தாய்ப்பால் முழுக்கக் கன்றுக்கே. விற்பதில்லை. ஏரிலோ வண்டியிலோ பூட்டுவதில்லை. இறந்தால் மனிதர்களைப் போலப் புதைப்பார்கள். ஒரு வீட்டுக்கோ ஒரு நபருக்கோ சொந்தம் என்று இல்லாமல் மொத்தச் சமூகத்துக்கும் பொதுவாக இருக்கும் மந்தை இது.

மந்தைக்குத் தலைவன் 'பட்டத்துக்காளை'. ராஜா இறந்தால் அடுத்த ராஜாவுக்குப் பட்டம் கட்டுவது போல, ஒரு பட்டத்துக்காளை இறந்த பிறகு அடுத்த காளைக்குப் பட்டம் கட்டுகிறார்கள். தேர்வு முறைதான் அழகு. நல்ல நாள் பார்த்து, சாம்பிராணி காட்டி, மந்தையின் முன்னால் கரும்புக் கட்டை வைப்பார்கள். மனிதர்கள் ஒதுங்கி நிற்பார்கள். எந்தக் காளை தானாக முன்வந்து கரும்பில் வாய் வைக்கிறதோ, அதுதான் ராஜா. மஞ்சள், குங்குமம் பூசி, மாலை போட்டு அழைத்துப் போவார்கள். நூறு வருடங்களுக்கு முந்தைய பதிவுகளிலும் இதே கரும்புதான் வருகிறது.

இந்த வழக்கத்தில் ஒரு புத்திசாலித்தனமும் இருக்கிறது. பட்டத்துக்காளையை எந்தப் பெரிய குடும்பமும் கைகாட்ட முடியாது. 'என் மாடு, உன் மாடு' என்ற போட்டிக்கு இடமில்லை. ஊர் விட்டு வந்து, சொந்தபந்தங்கள் பல கிராமங்களாகச் சிதறிக் குடியேறிய ஒரு சமூகத்துக்குச் சண்டையில்லாமல் கூட ஒரு பொது இடம் தேவை. யாருக்கும் தனிச் சொந்தமில்லாத மந்தையும், யாரும் கைவைக்க முடியாத தேர்வும் அந்த இடத்தைக் காத்து வந்திருக்கின்றன.

கோயிலின் பெயரையும் கவனியுங்கள். நந்தகோபன், கண்ணனை வளர்த்த தந்தை. ஆயர்களின் தலைவர். பாகவதக் கதைப்படி, கோகுலத்தில் ஆபத்து மேல் ஆபத்து வந்தபோது, மாடு கன்றுகளை ஓட்டிக்கொண்டு மொத்த ஆயர்குடியும் பிருந்தாவனத்துக்குக் குடிபெயர்கிறது. வண்டி கட்டி, மந்தையை முன்னே விட்டு, புது ஊர் தேடிப் போன கூட்டத்தின் தலைவர் அவர். அதேபோல் வந்த மக்களின் தொழுவுக்கு அவர் பெயர் எவ்வளவு பொருத்தம்!

கல்யாணப் பேச்சும் கன்னடப் பேச்சும்

மாட்டுப் பொங்கலன்று தொழுவுக்கு வருகிறவர்கள் கும்பிட்டுவிட்டு உடனே திரும்பிவிடுவதில்லை. சின்னமனூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்த தங்கை, போடியில் கடை வைத்திருக்கும் சித்தப்பா, இடுக்கியில் ஏலத்தோட்டம் பார்க்கும் மாமா என்று உறவுகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் நாள் அது. பொங்கலுக்குக் கேரளத்தின் எல்லையோர மாவட்டங்களுக்கு உள்ளூர் விடுமுறை விடப்படுவதால், மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் இறங்கி வர வசதி.

'பெரியவளுக்கு வயசு என்ன ஆச்சு?' என்று ஆரம்பிக்கும் விசாரிப்பு, அடுத்த ஆவணியில் கல்யாணமாக முடியலாம். நெல் விலை, திராட்சை மருந்து, பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸ் எல்லாம் அலசப்படும். அகத்திக்கீரையை நீட்டியபடியே பேச்சு ஓடும்.

இந்தப் பேச்சின் மொழிதான் முக்கியம். பள்ளிக்கூடத்தில் தமிழ், ஆங்கிலம். செல்போனில் தமிழ், ஆங்கிலம். சென்னையிலும் கோவையிலும் வேலை பார்க்கும் இளம் தம்பதிகளின் பிள்ளைகளுக்கு வீட்டுக் கன்னடம் காதில் விழும் வாய்ப்பு குறைவு. வருடத்தில் ஒருநாள் தொழுவில் தாத்தா, பாட்டி, அத்தை, சித்தி என்று பத்துப் பேர் சுற்றி நின்று அதே மொழியில் பேசும்போது, 'இது நம்ம பாட்டி மட்டும் பேசுற பாஷை இல்லை போல' என்று குழந்தைக்குப் புரிகிறது. எழுத்தில் இல்லாத ஒரு மொழிக்கு இப்படிப்பட்ட கூட்டங்கள்தான் பாடப்புத்தகம்.

ஒக்கலிகர்களின் தொழு என்றாலும், மாட்டுப் பொங்கலன்று வரும் கூட்டத்தில் எல்லாச் சமூகத்தினரும் உண்டு. புதிதாகக் கன்று ஈன்ற பசுவின் பாலைத் தொழுவுக்குக் கொண்டுவந்து கொடுத்த பிறகு வீட்டுக்குப் பயன்படுத்தும் வழக்கம் சுற்றுவட்டாரத்தில் பலரிடம் இருக்கிறது. நேர்ந்துகொண்டு கன்றை விடுகிறவர்களும் உண்டு. வந்தவர்களின் சாமி, காலப்போக்கில் ஊர்ச் சாமியாகிவிட்டது.

சிங்கப்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஊர் விட்டுப் போனவர்களுக்கு ஒரு பொது இடம் எவ்வளவு முக்கியம் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் சிங்கப்பூர் போன இளைஞர்களிடம் 'ஞாயிற்றுக்கிழமை எங்கே போவீங்க?' என்று கேட்டால் வரும் பதில், 'லிட்டில் இந்தியா, தேக்கா.'

வாரம் முழுக்க வேலை. தீவின் ஓரத்தில் தங்கும் விடுதி. ஒரே அறையில் பலர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ் பிடித்து லிட்டில் இந்தியா வந்தால், ரேஸ் கோர்ஸ் சாலை பக்கத்துப் புல்வெளிகளில் வட்டமாக உட்காரலாம். ஊர்க்காரனைப் பார்க்கலாம். வீட்டுக்குப் பணம் அனுப்பலாம். பொட்டலம் பிரித்துச் சாப்பிடலாம். ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்யும் இந்தோனேசியப் பெண்கள் ஞாயிறுதோறும் விக்டோரியா பூங்காவில் கூடுவதும் இதே காரணத்துக்காகத்தான். சொந்த வீடு இல்லாத ஊரில், அந்தப் புல்தரைதான் அவர்களின் வீட்டுத் திண்ணை.

2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு அங்கே தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் தனியார் பஸ்ஸில் அடிபட்டு இறந்தார். அதைத் தொடர்ந்து வெடித்த கலவரத்தில் போலீஸ் வாகனங்கள் எரிந்தன. அரசு விசாரணைக் குழு அமைத்தது. அந்தப் பகுதியில் மது விற்பனைக்கும் குடிப்பதற்கும் கட்டுப்பாடுகள் வந்தன. விடுதிகளின் பக்கத்திலேயே பொழுதுபோக்கு மையங்களுக்கும் முக்கியத்துவம் கொடுக்கப்பட்டது. 2020-ல் கொரோனா வந்தபோது, மூன்று லட்சத்துக்கும் அதிகமான விடுதித் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வெளியே வர முடியாமல் இருந்தார்கள். அந்தக் காலத்தில் தேக்கா வெறிச்சோடியது. ஊர்க்காரனின் முகம் செல்போன் திரையில் மட்டும்.

பூங்காவோ புல்வெளியோ தொழுவோ, புலம்பெயர்ந்தவர்களின் கூடும் இடங்கள் எல்லாமே ஒருவிதத்தில் பலவீனமானவை. அந்த இடத்தின் மேல் அவர்களுக்கு இருக்கும் பிடி, வழக்கத்தால் வந்த பிடி. ஓர் அரசாணை, ஒரு தீர்ப்பு, ஒரு நோய் போதும், வழக்கம் நின்றுபோக. கம்பத்துத் தொழு பல நூற்றாண்டு வேர்விட்டு நிற்கிறது. ஆனாலும் அதன் முன்னாலும் இப்போது ஒரு கேள்வி நிற்கிறது. மாடுகளுக்குப் புல் எங்கே?

மலையேறிய மாடுகளுக்குத் தடை

தேனி மாவட்டத்தின் நாட்டு மாடுகளுக்கு 'மலைமாடு' என்றே பெயர். கட்டுத்தறியில் நிற்கும் மாடுகள் அல்ல இவை. மந்தையாக மலையடிவாரத்துக்கும் காட்டுக்கும் ஓட்டிப் போய், மேய்த்து, திரும்பும் வழியில் வயல்களில் கிடை போடுவார்கள். இரவு முழுக்க மாடுகள் போடும் சாணமும் கோமியமும் அந்த வயலுக்கு உரம். கிடை போட்டதற்கு விவசாயி கூலி கொடுப்பார். சாணம் கேரளத் தோட்டங்களுக்கும் லாரியில் போகும். பாலுக்காக வளர்க்கப்படாத மாடுகள் இத்தனை காலம் தாக்குப்பிடித்த கணக்கு இதுதான்: தீவனம் காட்டில் இலவசம், வருமானம் உரத்தில்.

2021 பிப்ரவரியில் மேகமலையும் ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயமும் சேர்த்து புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் இது. 2022 மார்ச் மாதம், மேகமலை தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், தமிழ்நாட்டின் வனப்பகுதிகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. மேய்ச்சல் சமூகங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. அதே மாதத்தில் அந்த உத்தரவு திருத்தப்பட்டு, தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றுக்குள் மட்டும் தடை என்று சுருக்கப்பட்டது. மற்ற மாவட்டங்களுக்கு அது நிம்மதியாக இருந்திருக்கலாம். மலையடிவாரம் தாண்டினாலே புலிகள் காப்பகம் தொடங்கிவிடும் மேகமலைப் பக்கத்துக்கு அந்தத் திருத்தத்தால் பெரிய மாற்றமில்லை.

வனத்துறையின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. வீட்டு மாடுகளிடமிருந்து கோமாரி போன்ற நோய்கள் காட்டுமாடுகளுக்குப் போகலாம். மான்களுக்கும் காட்டுமாடுகளுக்கும் வேண்டிய புல் குறையும். அவை குறைந்தால் புலிக்கு இரை குறையும். மேகமலை, வருசநாட்டு மலைகள் வைகையின் பிறப்பிடம். அந்தக் காடு கெட்டால் ஐந்து மாவட்டங்கள் தண்ணீருக்குத் தவிக்கும்.

மேய்ச்சல்காரர்களின் வாதமும் வலுவானது. மாடு மேய்ந்த இடத்தில் காய்ந்த புல் சேராததால் காட்டுத்தீ பரவுவது குறையும் என்கிறார்கள் அவர்கள். தலைமுறை தலைமுறையாக அதே தடத்தில் போய் வந்தவர்கள், ஆக்கிரமிப்பாளர்கள் ஆகிவிட மாட்டார்கள். 2006-ல் வந்த வன உரிமைச் சட்டத்திலேயே மேய்ச்சல் உரிமை இடம்பெற்றிருக்கிறது. பழங்குடிகள் அல்லாத மற்ற பாரம்பரிய வனவாசிகள், மூன்று தலைமுறை அதாவது 75 ஆண்டுகள் காட்டைச் சார்ந்து வாழ்ந்ததை நிரூபித்தால் உரிமை கோரலாம். ஆனால் மாடு நடந்த தடத்துக்கு யார் ரசீது வைத்திருக்கிறார்கள்?

காட்டுக்குள் போக முடியாவிட்டால், மந்தைக்குத் தேவையான தீவனத்தைக் கீழேதான் தேட வேண்டும். பள்ளத்தாக்கின் நெல் வயல்களில் வைக்கோல் இருக்கிறது. ஆனால் இப்போது இயந்திரம் அறுத்து, இயந்திரம் கட்டுக் கட்டி, அது லாரி ஏறிக் கேரளாவுக்கு விலைக்குப் போகிற சரக்கு. தரிசு நிலங்கள் மனைகளாகின்றன. பால் விற்காத, கன்று விற்காத ஒரு மந்தைக்குத் தீவனம் விலைக்கு வாங்குவது என்றால், அது முழுக்க முழுக்க மக்களின் காணிக்கையை நம்பித்தான்.

மந்தை சுருங்கினால் என்ன ஆகும்? கோயில் கட்டடம் நிற்கும். பெயர்ப்பலகை நிற்கும். ஆனால் மாட்டுப் பொங்கலன்று கையில் அகத்திக்கீரையோடு வர ஒரு காரணம் வேண்டுமே. மாடு இல்லாத தொழுவில் யாரைப் பார்க்க வருவார்கள்? வராவிட்டால் சித்தப்பாவும் மாமாவும் எங்கே சந்திப்பார்கள்? பேரனின் காதில் அந்தக் கன்னடம் எப்போது விழும்? ஒரு சமூகத்தின் நினைவு, கடைசியில் மலையடிவாரத்துப் புல்லில் வந்து நிற்கிறது.

பார்க்கப் போகிறீர்களா?

சென்னை, மதுரையிலிருந்து தேனிக்கு இப்போது ரயிலிலேயே வரலாம். அகலப்பாதைப் பணிக்குப் பிறகு மதுரை-தேனி ரயில் 2022-லும், போடி வரையிலான ரயில் 2023-லும் ஓடத் தொடங்கின. தேனியிலிருந்து கம்பத்துக்கு அடிக்கடி பஸ் உண்டு. பக்கத்திலேயே சுருளி அருவி, மலை ஏறினால் குமுளி, தேக்கடி. ஒருநாள் பயணத்தில் தொழுவையும் சேர்த்துக்கொள்ளலாம்.

போகும்போது சில விஷயங்களை மனதில் வையுங்கள்.

* மாடுகளுக்கு அகத்திக்கீரை, புல், கரும்பு, வைக்கோல் கொடுப்பது நல்லது. சர்க்கரைப் பொங்கல், சாதம், பழைய மாவு போன்றவற்றை அதிகமாகக் கொடுத்தால் வயிற்றில் அமிலம் கூடி மாட்டின் உயிருக்கே ஆபத்தாகலாம். அன்பை அளவோடு காட்டுங்கள்.
* பாலித்தீன் பையோடு எதையும் நீட்ட வேண்டாம். கையில் பிரித்துக் கொடுங்கள், பையைத் திரும்ப எடுத்து வாருங்கள்.
* கன்றோடு நிற்கும் தாய்ப்பசுவின் பக்கத்தில் செல்ஃபி வேண்டாம். காளைகளின் பின்பக்கம் குழந்தைகளை விட வேண்டாம்.
* காணிக்கை கொடுக்க நினைத்தால், தீவனமாகவே கொடுக்கலாமா என்று அங்கிருப்பவர்களிடம் கேளுங்கள். கோடையில் ஒரு கட்டு வைக்கோலின் மதிப்பு மாட்டுக்குத்தான் தெரியும்.

சாயங்கால மந்தை

திருவிழா நாளை விட்டுவிட்டு, ஒரு சாதாரண நாளின் சாயங்காலத்தில் போனாலும் தொழு அழகுதான். மேய்ந்து திரும்பும் மாடுகளின் குளம்பில் புழுதி கிளம்பும். தாயைப் பார்த்த கன்றுகள் கத்தும். வேலை முடித்து வீடு திரும்பும் யாரோ ஒருவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, செருப்பைக் கழற்றி, ஒரு நொடி கும்பிட்டுவிட்டுப் போவார்.

பாட்டி ஒருத்தி பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மந்தையைக் காட்டுவாள். 'ஆவு நோடு' என்பாள். பசுவைப் பார் என்று அர்த்தம். குழந்தை முதலில் பாட்டியின் முகத்தைப் பார்க்கும். பிறகு அவள் விரல் காட்டும் பக்கம் திரும்பும். அங்கே ஒரு கன்று, காதை ஆட்டியபடி குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

குழந்தையும் சொல்லிப் பார்க்கும்: 'ஆவு.'